பூட்டின் அரங்கேற்றம்

கோத்தர் மொழியில் கொல்லேல் என்றொரு சொல் உண்டு. கொல்லனின் உலைக்கூடத்துக்கும் அதுவே பெயர். ஊர்க்கோயிலுக்கும் அதுவே பெயர். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவ்விரு பொருளையும் அருகருகே வைத்து, தமிழின் கொல், கொல்லன் என்னும் சொற்களோடு உறவு காட்டுகிறது. தெய்வம் உறையும் இடமும் இரும்பு காயும் இடமும் ஒன்றென நினைத்த ஒரு மக்களின் பெயரால் வழங்கும் ஊர் கோத்தகிரி. அவர்தம் உலைகளில் அரிவாளும் கோடரியும் மண்வெட்டியும் கத்தியும் பிறந்தன. அவற்றைப் படகர் பெற்றுத் தானியம் அளித்தனர். தோடர் பெற்று நெய் அளித்தனர். 1930களில் தளர்ந்துபோன அந்தப் பண்டமாற்று வாழ்வைப் பற்றி மானிடவியலார் எழுதியவை பல. ஆயினும் அவ்வுலைகள் புகழ்பெற்ற பொருள்களில் பூட்டு இல்லை.

இல்லாமைக்குக் காரணம் கைத்திறக் குறைவன்று. தோடர் குடிலின் வாயிலை நோக்கினால் காரணம் விளங்கும். தவழ்ந்து நுழையும் அளவே அமைந்த அவ்வாயிலை, உள்ளிருந்து ஒரு தடித்த பலகையை நகர்த்தி அடைப்பர். அடைப்பதற்கு உள்ளே ஒருவர் இருந்தாக வேண்டும். பூட்டோ, எவரும் இல்லாத வீட்டுக்கு வேண்டிய பொருள். நாள் முழுதும் யாரேனும் ஒருவர் இருக்கும் ஊரில் அதற்கு வேலையில்லை.

ஆளில்லாத வீடு என்னும் புதுமை இம்மலைக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்தது. கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சலிவன் 1819இல் கோத்தகிரிப் பகுதியை அடைந்தார். கன்னேரிமுக்கில் அவர் எழுப்பிய கட்டடம் இன்று நினைவகமாக நிற்கிறது. அதன் பின்னர் மலையெங்கும் எழுந்த பங்களாக்களில் பல, கோடை மாதங்களில் ஆள் நிறைந்தும் ஏனைய மாதங்களில் வெறுமையாயும் கிடந்தன. தேயிலை வந்த பின்னர் வேறொரு வகை ஆளில்லா வீடும் தோன்றியது. கணவனும் மனைவியும் விடியலில் கொழுந்து பறிக்கச் சென்றுவிட, மாலைவரை வெறுமையாய் நிற்கும் லைன் வீடு அது. பங்களாவின் கதவிலும் பூட்டுத் தொங்கியது. லைன் வீட்டின் கதவிலும் தொங்கியது. இரண்டும் ஒரே பூட்டல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சமவெளித் தமிழின் பழைய சொற்களை நோக்கினாலும் இதே செய்தி கிடைக்கிறது. தாழ், எழு, கணையம், தாழ்ப்பாள் ஆகிய யாவும் உள்ளிருந்து குறுக்கே இடும் தண்டையோ கட்டையையோ குறிப்பன. வள்ளுவர் அன்புக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டதும் தாழே. பூட்டு என்னும் சொல்லின் முதற்பொருள் இணைத்தல் என்பதாம். ஏர் பூட்டினான், தேர் பூட்டினான் என்னும் வழக்குகளில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. சாவி என்பதோ போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கிய சொல். திறவுகோல் என்னும் நம் சொல் ஏட்டில் தங்கிவிட, சாவி இடுப்பில் ஏறிக்கொண்டது. ஈழத்தமிழர் மட்டும் அதனைத் திறப்பு என்று அழகாக அழைத்துவருகின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே தாயகம் திரும்பி, கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் குடியேறிய மலையகத் தமிழர் பலரின் உடைமை, ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடங்கியது. அந்தப் பெட்டிக்கும் ஒரு பூட்டு இருந்தது.

திறத்தல் பற்றிய தமிழ்க் கதைகளில் தலையாயது திருமறைக்காட்டுக் கதை. வேதங்கள் பூசித்து அடைத்துச் சென்ற திருக்கதவைத் திறக்க நாவுக்கரசர் பாடினார். பதிகம் முழுதும் பாடிய பின்னரே கதவு திறந்தது. சம்பந்தர் அடைக்கப் பாடினார். முதற்பாட்டிலேயே கதவு அடைத்துக்கொண்டது. காலம் தாழ்ந்ததை எண்ணி நாவுக்கரசர் வருந்தினார் என்கிறது புராணம். பூட்டுத் தொழிலறிந்தவர் கேட்டால் வருந்தத் தேவையில்லை என்பர். அடைப்பது எப்போதும் எளிது. திறப்பதற்கே பதினொரு பாட்டு வேண்டும்.

இனிக் கள்வர் பக்கம். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாவன எட்டென எண்ணுகிறான். மந்திரமும் தெய்வமும் மருந்தும் நிமித்தமும் முன்னே நிற்க, கருவி கடைசியில் வருகிறது. மதுரைக்காஞ்சி காட்டும் இரவுக் கள்வர் நூலேணியும் உளியும் கொண்டு திரிகின்றனர். பிற்காலத்தில் கன்னக்கோல் என்னும் கருவி பெயர்பெற்றது; சுவரைத் துளைத்து நுழைவது கன்னம் வைத்தல் எனப்பட்டது. மண்சுவர் இளகியதாக இருக்கும்போது கதவோடு மல்லுக்கு நிற்கும் கள்வன் மூடன். ஆகவே தமிழ்நாட்டுப் பூட்டு நெடுங்காலம் கடும் தேர்வு எதனையும் எதிர்கொள்ளவில்லை. இக்கட்டுரையில் பின்னர் வரும் குறைக்கு இதுவே வேர்.

பூட்டு தேர்வெழுதிய நாடு இங்கிலாந்து. அங்கும் 18ஆம் நூற்றாண்டுவரை வழக்கிலிருந்த பூட்டுகள் உள்ளே சில நிலையான தடுப்புகளை மட்டும் கொண்டவை. அத்தடுப்புகளைத் தட்டாமல் சுழலும்படி மெலிதாக அராவிய ஒரு கள்ளச்சாவி போதும். தெருவிலுள்ள வீடுகளெல்லாம் திறக்கும். 1778இல் இராபர்ட் பாரன் என்பவர் லீவர்ப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் கருத்து மிக எளியது. பூட்டினுள் நாக்கு போல நீண்டு மடங்கும் ஓர் இரும்புத் தண்டு. அதன்மேல் ஒரு சிறு முளை. அம்முளையை மறித்து நிற்கும் தகடுகள். இத்தகடுகளே லீவர்கள். ஒவ்வொன்றையும் ஒரு வில் கீழ்நோக்கி அழுத்தும். ஒவ்வொன்றிலும் முளை நுழையத்தக்க ஒரு வெட்டு இருக்கும். சாவியின் பற்கள் அத்தகடுகளை உயர்த்தும்போது எல்லா வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால் மட்டுமே முளை உள்ளே நுழையும்; நாக்கு மடங்கும். ஒரு தகடு தாழ்ந்தாலும் திறவாது, மிகுந்தாலும் திறவாது. பழைய பூட்டில் தடையைத் தவிர்த்தால் போதும்; இதில் அளவைக் கண்டறிந்தாக வேண்டும். கூடியதும் குறைந்ததும் ஒருசேரப் பிழையாகும் இவ்விதி, யாப்பறிந்தவர்க்குப் புதிதன்று.

1817இல் போர்ட்ஸ்மத் கப்பற்றுறையில் கள்ளச்சாவியால் ஒரு திருட்டு நடந்தது. அதன்பின் அரசு, சொந்தச் சாவியாலன்றித் திறக்கவொண்ணாத பூட்டுக்குப் பரிசு அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் என்பவர் செய்த பூட்டில் ஒரு புதுமை இருந்தது. வேற்றுக் கருவியோ கள்ளச்சாவியோ ஏதேனும் ஒரு லீவரை அளவுக்கு மிஞ்சி உயர்த்திவிட்டால், பூட்டு அப்படியே இறுகிக்கொள்ளும். உரியவர் தம் சாவியை இட்டதும், எவனோ கைவைத்திருக்கிறான் என்பது தெரிந்துவிடும். சிறைக்கப்பலில் கிடந்த பூட்டுத் தொழிலாளியான கைதி ஒருவனிடம் இதனைக் கொடுத்தார்கள். திறந்தால் விடுதலையும் பணமும் உண்டு என்றார்கள். இரண்டு மூன்று மாதம் முயன்றபின் அவன் தன்னால் ஆகாதென்று கையை விரித்துவிட்டான். விடுதலைக்காக முயன்றவனே தோற்றான் என்னும் செய்தியைவிடச் சிறந்த விளம்பரம் ஒரு பூட்டுக்கு வேறு வாய்க்குமா?

அவ்விளம்பரம் முப்பத்துமூன்று ஆண்டு நிலைத்தது. 1851இல் லண்டன் மாநகரில் பளிங்கு மாளிகைப் பொருட்காட்சி நடந்தபோது, ஆல்பிரெட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் வந்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு காப்பறைக் கதவில் பொருத்தியிருந்த சப் பூட்டை, சாட்சிகள் சூழ்ந்து நிற்க, 25 நிமிடத்தில் திறந்தார். அவர் கையாண்ட வழி வியப்புக்குரியது. அளவு மிஞ்சினால் இறுகும் அந்த லீவரையே அவர் துணையாகக் கொண்டார். எந்தத் தகடு எவ்வளவு மிஞ்சியது என்பதை அது அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. திருடனைக் காட்டிக்கொடுக்க வைத்த ஒற்றன் பூட்டையே காட்டிக்கொடுத்துவிட்டான். அடுத்து, பிராமா என்பாரின் கடைச் சாளரத்தில் 200 கினி பரிசு எழுதி அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொங்கிய பூட்டை அவர் எடுத்துக்கொண்டார். அது லீவர்ப் பூட்டன்று, வேறு இனம். 16 நாள்களில் பரவலாக 51 மணிநேரம் உழைத்து அதனையும் திறந்து பரிசைப் பெற்றார்.

இங்கிலாந்து அதிர்ந்தது. இவற்றையெல்லாம் வெளியே பேசலாமா, கள்வர்க்குக் கல்வி புகட்டுவதாகாதா என்று வாதம் எழுந்தது. ஹாப்ஸின் கருத்துகளைக் கொண்டு 1853இல் வெளிவந்த ஒரு சிறு நூல் இதற்கு விடை கூறியது. கள்வர் தம் தொழிலை முன்னரே நன்கறிவர். அறியாதிருப்பவர் பூட்டை நம்பி உறங்கும் குடும்பத்தார்தாம். மறைத்துவைப்பதால் ஏமாறுபவரும் அவரே என்பது அவ்விடையின் சாரம். வாதத்தை விட மேலான விடையைத் தொழிலே தந்தது. சப் நிறுவனம் தன் பூட்டைத் திருத்தியது. லீவர்களில் பொய்வெட்டுகள் வைத்தார்கள். கருவி நுழையாதவாறு சாவித்துளையைத் திரையிட்டு மறைத்தார்கள். ஹாப்ஸ் பெருமையோடு கொண்டுவந்த அமெரிக்கப் பூட்டையும் சில ஆண்டுகளில் இளைய லைனஸ் யேல் திறந்துகாட்டினார். 1860களில் யேல் செய்த தட்டைச் சாவிப் பூட்டே இன்று உலகெங்கும் கதவுகளில் இருப்பது.

தமிழர் இதனை எளிதில் புரிந்துகொள்வர். நூல் ஒன்று எழுந்தால் அவையில் வைத்து அரங்கேற்றுவது நம் மரபு. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. தடை எழுப்புவோர் இருந்தனர். விடை சொல்லும் கடமை நூலாசிரியனுக்கு இருந்தது. தடை எழுப்பியவனை எவரும் நூலின் பகைவன் என்று கருதவில்லை. 1851இல் லண்டனில் நடந்தது பூட்டின் அரங்கேற்றம். ஹாப்ஸ் அங்கே தடை எழுப்பினார். பூட்டுச் செய்வோர் விடை தேடினர்.

இந்தியாவில் பூட்டுத் தொழில் வேறு வழியில் வளர்ந்தது. அலிகாரில் 1870ஐ ஒட்டி ஜான்சன் என்னும் ஆங்கில நிறுவனம் பூட்டு வாணிகம் தொடங்கி, பின்னர் அங்கேயே செய்யவும் தலைப்பட்டது. நகரமே அத்தொழிலுக்கு மாறியது. 1897இல் பம்பாயில் ஆர்தேஷிர் கோத்ரெஜ் பூட்டுப் பட்டறை அமைத்தார். வழக்கறிஞர் தொழிலை உதறிய அவர், நகரில் திருட்டு மிகுந்ததாகச் செய்தித்தாளில் படித்து இத்தொழிலுக்கு வந்ததாகக் கூறுவர். அவரது நிறுவனம் 1954இல் வெளியிட்ட நவ்தால் என்னும் லீவர்ப் பூட்டு, தென்னாட்டுக் கடைத்தெருக்களில் இன்றும் பெயர் சொல்லிக் கேட்கப்படுவது.

தமிழ்நாட்டின் பங்கு திண்டுக்கல். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிச் சமவெளி வழியே தெற்கு நோக்கிச் சென்றால் வரும் அவ்வூரின் பெயர், வாயாடிக்குப் போடும் பூட்டாகப் பேச்சுமொழியில் நிலைபெற்றுவிட்டது. நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி ஆகியவற்றின் சிறு பட்டறைகளில், பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிய கூடங்களில், தலைமுறை தலைமுறையாக அத்தொழில் நடந்துவருகிறது. மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, பெட்டிப் பூட்டு, அலமாரிப் பூட்டு, கதவுப் பூட்டு, கோயில் பூட்டு, விலங்குப் பூட்டு எனப் பெயர்கள் விரியும். மாங்காய் வடிவில் கனத்துத் தொங்கும் முதலாவதைத் தமிழ்நாட்டில் கண்டறியாதவர் குறைவு. கோயில் நடையிலும் சிறைக்கதவிலும் அரசுக் கிடங்கிலும் தொங்கியவை இவையே. கொல்லேல் என்னும் சொல்லை நினைப்பவர்க்குக் கோயில் பூட்டு என்னும் பெயர் சற்று நின்று செல்லத் தூண்டும்.

திண்டுக்கல் பூட்டின் உயிர் கையால் அராவிய லீவர். எந்திரத்தில் வெட்டிய லீவர்கள் சில குறித்த உயரங்களுக்குள் அடங்கும். ஆயிரம் பூட்டுகளில் ஒன்றின் சாவி வேறொன்றுக்குப் பொருந்திவிடுவது உண்டு. திண்டுக்கல் தொழிலாளி முதலில் சாவியை அராவி, அச்சாவிக்கேற்ப ஒவ்வொரு தகட்டையும் தட்டியும் தேய்த்தும் பொருத்துகிறார். அவர் கைக்கு எண் வரிசை இல்லை. ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறவாது என்பது அவ்வூரின் பெருமை. அப்பெருமைக்கு அடிப்படை இதுவே. புவிசார் குறியீடு கேட்டுத் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 2013இல் விண்ணப்பித்தது. 2019 ஆகஸ்டில் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த காலத்தில் உலைகள் பல அணைந்திருந்தன. அலிகாரின் எந்திரப் பூட்டு மலிவாக வந்து குவிந்தது. கூலி கட்டாமல் பிள்ளைகள் வேறு வேலைக்குச் சென்றனர்.

போட்டியும் விலையும் காரணம் என்பது உண்மை. ஆயினும் முழு உண்மையன்று. வாங்குபவர்க்குத் தரம் பிரித்தறியும் கல்வி இல்லை என்பதும் சேர்த்துச் சொல்லத்தக்கது. கடைக்கு வருபவர் கையில் எடுத்துக் கனம் பார்க்கிறார். மேலே பொறித்த லீவர் எண்ணைப் பார்க்கிறார். இரண்டும் ஏமாற்றும். கனம் வெளிக்கூட்டின் கனமாக இருக்கலாம். எண்ணைப் பற்றி ஒரு கணக்குப் போதும். ஐந்து லீவர்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு வேறுபட்ட உயரங்கள் என்றால், அமையக்கூடிய சாவிகள் 7,776. ஏழு லீவர்கள் இருந்தும் உயரங்கள் இரண்டே என்றால், 128தான். ஏழும் ஒரே உயரம் என்றால் ஏழு லீவர் என்னும் எழுத்துக்கு மை வீண். அது ஒரு லீவர்ப் பூட்டு. இதனை அறியாத கடைத்தெருவில், ஐந்து தகட்டை வெவ்வேறு உயரத்தில் அராவிய திண்டுக்கல் கைவினைஞரும், ஏழு தகட்டை ஒரே அச்சில் வெட்டித் தள்ளிய ஆலையும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றனர். தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயமில்லை. நட்டம் கைவினைஞருக்கு மட்டுமன்று. ஏழு என்ற எண்ணை நம்பி, லைன் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழுந்துக் காட்டுக்குச் செல்லும் பெண்ணுக்கும் அதில் பங்குண்டு.

தரத்தைப் பிரித்துக்காட்ட வல்லவர் யார்? சாவியின்றித் திறக்க முயல்பவர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது இன்று மரியாதைக்குரிய பொழுதுபோக்கு. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1997இல் இதற்கென ஒரு சங்கமே எழுந்தது. பின்னர்ப் பல நாடுகளில் பரவியது. சதுரங்கக் கழகம் போல மாலையில் கூடி, மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பூட்டைக் கையில் எடுக்கின்றனர். அவர்களுக்குள் இரண்டு கட்டளைகள் உண்டு. தன்னுடையதல்லாத பூட்டை உடையவரின் இசைவின்றித் தொடலாகாது. கதவிலோ பெட்டியிலோ பயனில் இருக்கும் பூட்டை, தன்னுடையதேயாயினும், தொடலாகாது. இவ்விரண்டையும் மீறியவன் சங்கத்தில் இருக்க முடியாது. கலைக்கும் களவுக்கும் நடுவே அவர்கள் இட்ட தாழ் அது.

லீவர்ப் பூட்டைத் திறப்பது அக்கலையில் கடினமான பகுதி. கருவி இரண்டு கையுடையது. ஒரு கை நாக்கை மெல்ல அழுத்திப் பிடிக்கும். மற்றொரு கை லீவர்களை ஒவ்வொன்றாகத் தொட்டறியும். எல்லாத் தகடுகளும் முற்றிலும் ஒரே நேர்த்தியுடன் செய்யப்பட்டிருந்தால், அழுத்தம் யாவற்றின்மீதும் சமமாக விழும். விரலுக்கு எதுவும் தெரியாது. மனிதக் கை செய்த பொருளில் அத்துணை நேர்த்தி கூடுவதில்லை. ஏதோ ஒரு தகடு மற்றவற்றினும் மயிரிழை முந்தி முளையோடு இறுகும். அதனைக் கண்டு உயர்த்தினால், வெட்டு முளைக்கு நேரே வந்ததும் ஒரு சிறு தளர்ச்சி தெரியும். உடனே வேறொரு தகடு இறுகும். பொய்வெட்டு உள்ள பூட்டு இவ்விடத்தில் ஏமாற்றும். திறந்துவிட்டது போலக் காட்டிப் பாதியில் நிறுத்தும். கண்ணுக்கு இங்கே வேலையில்லை. காதுக்கும் சிறிதே. விரல் நுனி ஒன்றே படிக்கிறது. அது படிப்பதோ பூட்டைச் செய்தவரின் கையை. எங்கே அவர் நின்று அராவினார், எங்கே அவசரப்பட்டார் என்பதெல்லாம் இப்படிப் படிப்பவருக்குத் தெரிந்துபோகிறது.

ஆகவே இக்கலை பயில்வோர் நல்ல லீவர்ப் பூட்டுக்கு எப்போதும் ஏங்குவர். மலிவுப் பூட்டு சில நொடிகளில் திறந்துவிடும். அதில் கற்பதற்கு ஒன்றுமில்லை. நல்லதற்கு அவர்கள் கூறும் அடையாளங்கள் சில. சாவியின் பற்களைப் பார்த்தாலே முதற்செய்தி கிடைக்கும். படிகள் ஆழமும் மேடுமாக வேறுபட்டிருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பின் உள்ளேயும் அப்படியே. வெட்டுக்கும் முளைக்கும் இடைவெளி குறைந்திருக்க வேண்டும். இடைவெளி மிகுந்த பூட்டு, அளவு தவறிய சாவிக்கும் இணங்கும். கையால் செய்த பூட்டின் வலிமை அதன் வேறுபாட்டில் இருக்கிறது. அதன் மெலிவு சிலவேளை இவ்விடைவெளியில் இருக்கிறது. திண்டுக்கல்லை எத்துணை போற்றினும் இதை மறைப்பது முறையன்று. ஓர் அவையில் இது தடையாக எழுப்பப்பட்டிருந்தால், அராவும் கை விடை சொல்லியிருக்கும்.

லீவர்களுக்குத் தனித்தனி வில் இருப்பதும் நன்று. தகடு பித்தளையாயின் மிக நன்று. கோத்தகிரி போன்ற பனி மூட்டத்து ஊரில் இரும்புத் தகடு துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது உரிய சாவியும் அயற்சாவியாகிவிடும். எண்ணெய் விடுவது நாளடைவில் தூசியைச் சேர்த்துக் குழம்பாக்கும். பென்சில் கரியைப் பொடித்துத் தூவுவதே மேல். திருகாணியால் மூடிய பூட்டு, தறையாணி அடித்து மூடியதைவிடப் பயில்வோர்க்கு உகந்தது. திறந்தபின் கழற்றி, உள்ளே தாம் உணர்ந்ததும் உண்மையில் இருப்பதும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்கலாம்.

தேடுமிடம் எது? புதியதாயின் திண்டுக்கல்லின் பட்டறைகளே. அங்கே கேட்டுச் செய்வித்துக்கொள்வதும் இயலும். பழையதாயின் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்தோறும் கதவும் நிலையும் கொண்டியும் நாதாங்கியும் பூட்டும் அங்கே வந்து சேர்கின்றன. நீலகிரியில், கைமாறும் பங்களாக்களிலிருந்தும் எஸ்டேட் ஆபீஸ்களிலிருந்தும் கழிக்கப்படும் பழைய கதவுகளைப் பின்தொடர வேண்டும். மின்னணுப் பூட்டும் தட்டைச் சாவியும் ஏறும் கதவிலிருந்து லீவர்ப் பூட்டு இறங்குகிறது. இறங்கியது பெரும்பாலும் காயலான் கடைக்குச் செல்கிறது.

அக்கடையின் தராசுக்குச் சப்பும் தெரியாது, திண்டுக்கல்லும் தெரியாது. பித்தளை ஒரு குவியல், இரும்பு ஒரு குவியல். சாவியோடு வந்த பூட்டையாவது எவரேனும் கேட்டு வாங்கிச் செல்வர். சாவி தொலைந்ததற்கு நிறைக்குரிய விலையே. உலைக்குச் செல்லும் வரிசையில் அது முன்னால் நிற்கும். பயில்வோர் அதனைத்தான் தேடுகின்றனர். மலிவாகவும் கிடைக்கிறது, சாவி இல்லாததால் மனம் வழுவிப் பார்த்துவிடவும் வழியில்லை. பல மாலைகள் செலவழித்து அதனைத் திறந்துவிட்டால், ஒவ்வொரு லீவரும் எவ்வளவு உயர்ந்தால் வெட்டு நேராகும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். கழற்றி அளந்தால் கண்ணுக்கும் தெரியும். அவ்வளவுகளைக் குறித்துக்கொண்டு, ஒரு வெற்றுச் சாவியை எடுத்து, படிப்படியாக அராவிப் பொருத்தலாம். துருவைத் துடைத்து, கரிப்பொடி தூவி, புதுச் சாவியை இட்டுச் சுழற்றினால் நாக்கு மடங்கும். பின்னர் அந்தப் பூட்டை மீண்டும் ஒரு கதவில் மாட்டலாம்.